மஞ்சள் கோட்டுக்கு வெளியே சிவப்பு

புதன்கிழமையில் பேத்திக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் கிழமையின் நடுவில் ஒரு நாளை விடுமுறையாக்கி வைத்தார்கள் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு, அவர்கள் யோசித்து, அதை மாற்றிவிட்டால் நட்டம் எனக்குத்தான்.

மகனுக்கு உணவகத்தில் சமையல் வேலை. மருமகளுக்கு அலுவலகத்தில் வேலை. காலை எட்டு மணிக்கு இருவரும் இறங்கிப் போனால், மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்து நாலாம் மாடி வீட்டில் நானும் அவளும்தான். அவளுக்கு மூன்றரை வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இருவருக்கும் பாதி விளங்கும். அந்தப் பாதி எங்களுக்குக் காணும். பிறகு கைப்பிடித்துக்கொண்டு லா சப்பல் கடைப்பக்கம் இறங்குவோம். அவளுக்கு ஒரு வடை, எனக்கு ஒரு தேத்தண்ணீர். பாலத்துக்கு மேலால் மெற்றோ போகும்போது அவள் ஒவ்வொரு முறையும் கை காட்டுவாள். ஒருவரும் திருப்பிக் காட்டியதில்லை. அவள் அதைப் பொருட்படுத்தியதும் இல்லை.

அந்தப் புதன்கிழமைகளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. போன மாரியில் நான் கொடுத்த எள்ளுருண்டையைக் கடித்து அவளின் முன்பல்லில் ஒரு துண்டு உடைந்துபோனது. அவள் அழவில்லை. அழாத பிள்ளையைப் பற்றி என்னத்தைச் சொல்வது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இரவு பல்லுத் தீட்டும்போது மருமகள் கண்டுவிட்டாள்.

"பல்லு உடைஞ்சதுக்குக் கோவமில்லை மாமா. நீங்கள் சொல்லாமல் விட்டதுக்குத்தான் கோவம். இனிப் பிள்ளைக்கு என்ன நடந்தாலும் எனக்குச் சொல்ல வேணும். இல்லாட்டி நான் புதன்கிழமையிலை சென்டரிலை விட்டிடுவன்."

சென்டர் என்றால் நகரசபை நடத்தும் இடம். புதன்கிழமைகளில் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொள்வார்கள். களிமண், வர்ணம், பாட்டு எல்லாம் இருக்கும் என்று சொல்கிறார்கள். நல்ல இடமாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

யூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனின் கூட்டாளிகள் எல்லாரும் குடும்பங்களோடு காட்டுக்குப் போனோம். ரயிலில் ஒரு மணித்தியாலம். இறைச்சி சுடுவதற்கென்று அங்கே இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஊருக்கு வந்த முதல் பத்து வருடமும் நான் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் சட்டி கழுவினேன். பாரிசைச் சுற்றிக் காடு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. வெயில் ஏறினதும் பேத்திக்கு நித்திரை வந்தது. ஒரு மரத்தடியில் பன்னம் செடிப் புதர்களுக்குப் பக்கத்தில், உதிர்ந்த இலைகளுக்கு மேல் ஒரு துவாயை விரித்து அவளைக் கிடத்தினேன். நானே இடம் பார்த்து, நானே கிடத்தினேன். இதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மருமகள் அவளைக் குளிக்க வார்த்தாள். கால், கை, முதுகு எல்லாம் பார்த்தாள். ஒன்றுமில்லை.

புதன்கிழமை பேத்திக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அடர்த்தியான முடி. வலது காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில் ஒரு கறுத்த எள்ளுப்போல ஒன்று இருந்தது. தட்டினேன், விழவில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். உண்ணி.

நான் வன்னியில் மாடுகளோடு வளர்ந்தவன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மாட்டின் காதுக்குள்ளும் மடியிலும் உண்ணி பிடுங்கி, சிரட்டையில் மண்ணெண்ணெய் விட்டு அதற்குள் போடுவது எனக்கு ஒரு வேலையே இல்லை, கதைத்துக்கொண்டே செய்வது. எங்கள் காலிலும் ஏறும். பிடுங்கி எறிவோம். அதற்காக ஒருவரும் ஆசுப்பத்திரிக்குப் போனதாக நான் அறியவில்லை. ஆகையால் பேத்தியின் காதடியில் இருந்ததையும் நகத்தால் நசித்துப் பிடுங்கி, யன்னல் விளிம்பில் வைத்து நசுக்கிவிட்டேன். ஒரு சொட்டு இரத்தம். துடைத்தேன். பின்னலைக் கட்டி முடித்தேன்.

அன்று பின்னேரம் மருமகள் வந்ததும் "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று வழமைபோலக் கேட்டாள். வடை தின்றதைச் சொன்னேன். செருப்பு வார் அறுந்ததைச் சொன்னேன். உண்ணியைச் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதத்தான் வருகிறது. ஆனால் செருப்பு வாரை மறக்காதவன் உண்ணியை எப்படி மறந்தான்? பயந்தேனா, அதைப் பெரிய விடயமாக நினைக்கவில்லையா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகிறது.

அடுத்த புதன்கிழமை ஒன்றுமில்லை. அதற்கடுத்த புதன்கிழமை தலை இழுக்கும்போது அதே காதுக்குப் பின்னால், கழுத்துப் பக்கமாக ஒரு சிவப்பைக் கண்டேன். எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் எவ்வளவு வட்டமோ அவ்வளவு. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, தோல் உரியவும் இல்லை. விரலால் அமத்தினேன்.

"நோகுதோ?"

"நோன்." இல்லையாம்.

"சொறிய வேணும்போலை இருக்கோ?"

"நோன், அப்பப்பா." தகப்பனின் தகப்பன் என்பதால் நான் அவளுக்கு அப்பப்பா. பொம்மையின் தலையை என்னிடம் நீட்டி, அதையும் இழுத்துவிடச் சொன்னாள்.

காய்ச்சலும் இல்லை. நோகாத, சொறியாத, சுடாத ஒரு சிவப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. உண்ணி போய் இரண்டு கிழமையாகிவிட்டது. போன உண்ணி திரும்பி வந்து கடிக்குமா? அதனால் அதை இதோடு சேர்த்து நான் நினைக்கவேயில்லை. அக்கியாக இருக்கும் என்று முடிவுகட்டினேன். அக்கி என்றால் எரியும், கொப்புளிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அக்கி என்றே முடிவுகட்டினேன். பெயர் இல்லாத ஒன்றைப் பிள்ளையின் கழுத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க இருக்க எனக்கு ஏலவில்லை.

அக்கி வந்தால் எங்கள் பக்கம் காவிக்கட்டியைக் குழைத்துச் சுற்றிவர எழுதுவார்கள். எழுதின கோட்டை அது தாண்டாது. அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தம்பி, காவி இருக்கோ?"

கடைக்காரர் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "காவி வேட்டியோ அண்ணை? என்ன, மருமகளோடை கொழுவிக்கொண்டு சாமியாராப் போறியளோ?"

"விசர்க் கதை கதையாதை. கட்டிக் காவி. அக்கிக்கு எழுத."

"அக்கிக்கு இஞ்சை ஆர் காவி விக்கிறது? மஞ்சள் கிடக்கு, சந்தனம் கிடக்கு. அதை விட்டால் முன்னுக்கு டொக்டர் இருக்கிறா. அங்கை போங்கோ."

மஞ்சளும் சந்தனமும் வாங்கினேன். குழைத்து, நெருப்புக் குச்சியால் சிவப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு இழுத்தேன். பேத்தி கூச்சத்தில் சிரித்துக்கொண்டே இருந்தாள். பின்னலை அவிழ்த்து முடியால் மூடிவிட்டேன்.

சனிக்கிழமை மருமகள் சாமான் வாங்கப் போன நேரம் பார்த்தேன். சிவப்பு கோட்டுக்கு வெளியே வந்திருந்தது. நான்தான் கோட்டை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டேனோ என்று நினைத்து இன்னொரு கோடு போட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து பார்த்தேன். அதையும் தாண்டியிருந்தது. நடுவில் சிவப்பு வெளிறி, ஓரம் மட்டும் வளையம்போல நின்றது. மூன்றாவது கோடும் போட்டேன். அன்றிரவு முடி கழுவும்போது மருமகள் கண்டுவிட்டாள். சவர்க்காரத்துக்கும் போகாமல் மஞ்சள் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நின்றன.

"மாமா! இது என்ன?"

"அக்கி பிள்ளை. பரவாமல் இருக்கக் கோடு போட்டனான்."

"ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

நான் துவாயை எடுத்து நீட்டினேன்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப் போனாள். நானும் போனேன். வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வைத்தியர் வயது குறைந்த பெண். பஞ்சை நனைத்து மஞ்சளைத் துடைத்துப் பார்த்தார். கறை போகவில்லை. சிவப்பு எது, மஞ்சள் எது, மஞ்சள் தேய்த்த சிவப்பு எது என்று அவருக்குக் குழப்பம். அவர் கேட்கக் கேட்க மருமகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"காட்டுக்கு, தோட்டத்துக்கு எங்கையும் போனதோ, பூச்சி ஏதும் கடிச்சதோ எண்டு கேக்கிறா. காட்டுக்குப் போனது, ஆனால் ஒண்டும் கடிக்கேல்லை, அண்டைக்கே நான் பாத்தனான் எண்டு சொன்னனான். நீங்கள் ஏதும் கண்டனீங்களோ?"

உண்ணி என் வாய்க்குள் இருந்தது. ஆனால் மனது வேறொன்று சொன்னது. கேட்டது பூச்சி கடித்ததா என்றுதானே? நுளம்பு கடிக்கும், குளவி குத்தும். உண்ணி ஒட்டிக்கொண்டு குடிக்கும், அவ்வளவுதானே? நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"அக்கியை விடுங்கோ, மஞ்சள் பூச முந்தி இந்த வட்டச் சிவப்பு இருந்ததோ, பூசினாப்பிறகோ வந்தது?"

"பூசினாப்பிறகுதான் கூடினது" என்றேன். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அது மருமகளின் வாயால் பிரெஞ்சாகி வைத்தியரிடம் போனபோது, பூசினதால்தான் வந்தது என்று ஆகிவிட்டது. அவருடைய முகத்தில் அது தெரிந்தது. தெரிந்தும் பேசாமல் இருந்தேன். மஞ்சளோ சந்தனமோ பிள்ளையின் தோலுக்கு ஒத்துவரவில்லை, ஒரு கிறீம் எழுதித் தருகிறேன், ஒரு கிழமை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் மருமகளுக்கு மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. மருந்துக்கடைக்கு நடக்கும்போது அவள் சிரித்தாள்.

"மாமான்ரை வைத்தியசாலையை இண்டையோடை மூட வேணும். சந்தனம் நெத்தியிலை மட்டும், சரியோ?"

"சரி பிள்ளை."

"எனக்கு நேற்று நித்திரையே இல்லை. என்னவோ ஏதோ எண்டு பயந்துபோனன்."

அவள் ஏசியிருந்தால் நான் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. மருந்துக்கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டிருந்தேன். கண்ணாடிக் கதவால் வெயில் நேராக அவளின் கழுத்தில் விழுந்தது. பார்க்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். கடைசிக் கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு நின்றது. அந்த இடத்தில் நான் மஞ்சள் பூசவே இல்லை. பூசாத இடத்தில் மஞ்சள் எப்படி ஒத்துவராமல் போகும்? படித்தவர் சொன்னது பிழையென்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பிழையை அவர் கையில் கொடுத்தவன் நான் என்பதும் தெரிந்தது. முன்னால் நின்ற மனுசி காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். அடுத்தது நாங்கள்.

"பிள்ளை."

"ம்?"

"அந்த வட்டச் சிவப்புத்தான் முதல் வந்தது. அதைக் கண்டாப்பிறகுதான் நான் கோடு போட்டனான்."

"அப்ப ஏன் அங்கை அப்படிச் சொன்னனீங்கள்?"

"அதுக்கும் முந்தி உண்ணி ஒண்டு இருந்தது."

"என்ன இருந்தது?"

"உண்ணி. மாட்டிலை, நாயிலை இருக்குமே. காதுக்குப் பின்னாலை, இந்த இடத்திலைதான். காட்டுக்குப் போய் வந்த புதன்கிழமை கண்டனான். பிடுங்கிப் போட்டனான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரியிடம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கடைக்காரி மேசையைச் சுற்றி வெளியே வந்து, பேத்தியின் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். நாங்கள் நீட்டின மருந்துக் கடதாசியை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். திரும்பி வைத்தியரிடமே போகச் சொன்னாள் என்பது எனக்கு மொழி இல்லாமலே விளங்கியது.

வழியில் மருமகள் ஒரேயொரு தரம் பேசினாள்.

"நான் உங்களிட்டைத் திருப்பியும் கேட்டனான் மாமா."

"ஓம்."

"ஓமெண்டு சொல்லாதேங்கோ."

வைத்தியர் இரண்டு நோயாளிகளுக்கு இடையில் எங்களைக் கூப்பிட்டார். இந்தமுறை என்னைத்தான் முன்னால் இருத்தினார். எந்தக் கோடு எந்த நாள் என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். உள்ளே இருப்பது புதன், நடுவில் சனி, வெளியே திங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் சின்னக் கடதாசி அடிமட்டத்தை வைத்து அளந்து எழுதினார். படமும் எடுத்தார். பிறகு மருமகளைப் பார்த்து நெடுநேரம் கதைத்தார். மருமகள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

"லைம் எண்டு ஒரு வருத்தமாம். உண்ணியாலை வாறதாம். உண்ணி போனாலும் அது உள்ளை விட்ட கிருமி தோலுக்குள்ளை மெல்ல மெல்லப் பரவுமாம், அதுதான் இந்த வட்டமாம். சின்னப் பிள்ளையளுக்குத் தலை, கழுத்து, காதடிப் பக்கம்தான் கூட வருமாம், முடி மறைச்சிடுமாம். சொறியாது, நோகாது. அதாலை கனபேர் விட்டிடுவினமாம்."

"விட்டால்?"

"விட்டால் பிறகு முகம் ஒரு பக்கம் இழுக்கலாமாம். முழங்கால் வீங்கலாமாம்." அவள் பிள்ளையை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "விடேல்லை. இப்ப பிடிச்சாச்சு. பதினாலு நாள் மருந்து. சுகம் வருமாம்."

"இரத்தம் பாக்கேல்லையே?"

"இப்ப இரத்தத்திலை தெரியாமலும் இருக்கலாமாம். இந்த வட்டம் ஒண்டே காணுமாம், வேறை சோதனை தேவையில்லையாம்."

இது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இரத்தத்தைக் குடிக்கிற பிராணி கொண்டுவந்த வருத்தம் இரத்தத்தில் தெரியாதாம், தோலில் தெரியுமாம்.

எழும்பும்போது வைத்தியர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். மருமகள் உடனே சொல்லவில்லை. வாசல்வரை வந்தபிறகுதான் சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"உங்கடை கோடு உதவினதாம். எவ்வளவு கெதியாப் பரவுது எண்டு பாக்க. ஆனால் இனிப் பூசக்கூடாதாம். உண்ணியை நகத்தாலை நசிக்கக் கூடாதாம், அதுக்கெண்டு கொக்கி விக்கிறாங்களாம். எடுத்தாப்பிறகு ஒரு மாதம் அந்த இடத்தைப் பாத்துக்கொண்டு இருக்க வேணுமாம்."

நான் செய்தது சரியா பிழையா என்று அவளிடம் கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அன்று மகன் வேலையால் வந்து கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, இது உங்கடை மாட்டுப்பட்டி இல்லை" என்றான். அவ்வளவுதான் சொன்னான், ஆனால் அதற்குப் பிறகு நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன், உண்ணவில்லை. அடுத்த நாள் புதன்கிழமை. சென்டரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குப் பெரிய கலக்கமாக இருந்தது. பிள்ளையின் பையை மருமகள் கட்டுகிறாளா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு மருமகள் குளிர்ப்பெட்டியிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஊசி இல்லாத ஊசிக்குழாய்போல ஒன்றையும் வைத்தாள்.

"காலமையும் இரவும் நான் பாப்பன். மத்தியானம் நீங்கள் ஒருக்காக் குடுக்க வேணும். குலுக்கிப்போட்டு, பதினாலு எண்ட கோடு வரைக்கும் இழுக்க வேணும். அவள் பதினாலு கிலோ."

"மருந்து பதினாலு கிலோவோ?"

"பிள்ளை பதினாலு கிலோ, மாமா! குழாயிலை பிள்ளையின்ரை நிறைக்குத்தான் கோடு போட்டிருக்கு. மருந்து இந்தளவுதான்."

தண்ணீரை இழுத்து நாலைந்து தரம் காட்டச் சொன்னாள். காட்டினேன். நாலாம் தரம் கோட்டுக்குச் சரியாக வந்தது. "நாளைக்கு என்ன நடந்தாலும் எனக்குப் போன் எடுங்கோ" என்றாள். போத்தலைத் திரும்பவும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தாள். மன்னித்தாளா, வேறு வழியில்லாமல் விட்டாளா? நான் அதைக் கேட்டு அறியப் போவதில்லை.

சிவப்பு ஒரே நாளில் போகவில்லை. மருந்து தொடங்கியும் இரண்டு நாள் அப்படியே நின்றது. அந்த இரண்டு நாளும் நான் ஒரு மனிதனாக இருக்கவில்லை. பிறகு ஓரம் மங்கி, உள்ளே இருந்ததும் வெளியே இருந்ததும் ஒரே நிறமாகிக்கொண்டு வந்தது. பத்தாம் நாள் மருமகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இப்போதும் சில வேளைகளில் தெரிகிறது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் போய்விடுகிறது.

மருந்து முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. பேத்தி நன்றாக ஓடித் திரிகிறாள். குழம்பிப்போய் இருப்பவன் நான்தான். எது சொல்ல வேண்டியது, எது விட வேண்டியது என்கிற கணக்கு எனக்குள் கலைந்துவிட்டது. முன்பு எல்லாம் சின்ன விடயம். இப்போது சின்ன விடயம் என்று ஒன்று இல்லை. நுளம்பு கடித்தால் மருமகளுக்கு எடுக்கிறேன். இருமினால் எடுக்கிறேன். ஒருநாள் பேத்தியின் கன்னத்தில் சிவப்பு என்று எடுத்தேன். அது வடைக்குத் தொட்ட சம்பல்.

"மாமா, நான் கூட்டத்திலை இருக்கிறன். எல்லாத்துக்கும் எடுக்காதேங்கோ."

"அப்ப எதுக்கு எடுக்கிறது?"

பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். அவளுக்கும் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நேற்றுப் புதன்கிழமை ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் வாய்க்கால் ஓரம் நடந்து வந்தோம். பேத்தி ஓடி விழுந்தாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு, இரத்தம்கூட இல்லை. துடைத்துவிட்டேன். எழும்பித் திரும்பவும் ஓடினாள். நான் மர வாங்கில் குந்தியிருந்து யோசித்தேன். விழுந்ததை யார்தான் சொல்வார்கள்? பிள்ளைகள் விழும். பிறகு தொலைபேசியை எடுத்தேன், பைக்குள் வைத்தேன், மீண்டும் எடுத்தேன்.

மூன்றாவது மணி அடிக்க மருமகள் எடுத்தாள். எங்கோ படிகளில் நடந்துபோகும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"சொல்லுங்கோ மாமா" என்றாள்.